ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம்

அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் பல் செய்தாள். அதில் ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. அண்ணனுடைய பட்டறை பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் இருந்தது, மூன்று அறை. முன்கட்டில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அளவெடுப்பார். அந்த அளவு ஈரத்துணி போர்த்திக்கொண்டு, ஒரு தட்டில் பின்வாசல் வழியாக வந்து சேரும். வாய் வரும், ஆள் வரமாட்டார்.

வந்த அளவில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் ஈறு அச்சாக நிற்கும். அச்சின் மேல் மெழுகை வரப்பு மாதிரி கட்டி, அந்த மெழுகில் கடையில் வாங்கின பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். பிறகு மெழுகை உருக்கிக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறத்து மாவை அடைத்து வேகவைத்து, ஆறியதும் உரசிப் பளபளப்பாக்கினால் செட் தயார். இதில் பல் நடுவதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கு எடுபிடி. நடுகிற வேலையை அவள்தான் செய்தாள். அதனால் தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்றே பேராகிவிட்டது.

நட்டு முடித்ததும் அண்ணன் வருவார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும், சட்டைப்பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். மேல்வரிசையின் நுனியில் ஸ்கேலை வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பல்லுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் போச்சு.

"வெளிச்சம் வருது பாரு."

"நூலளவுதானேண்ணே."

"இன்னைக்கு நூலளவு வரும், நாளைக்கு நாய் நுழையும். பிடுங்கி நடு."

பிடுங்கி நடுவாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் அல்ல. அண்ணன் கெட்டவரும் அல்ல. அப்பா போன பிறகு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலை பழக்கியவர் அவர்தான். ஆனால் ஸ்கேல் என்று வந்துவிட்டால் மனிதர் இரும்பு. அதனால் அந்த ஊரில் பல் கட்டிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் ஒரே வாய். ஒரு கல்யாணத்தில் சம்பந்தி இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்று சிரித்தார்கள். கண்ணாடி பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அவள் வீட்டுக்காரர் அவள் காதோடு சொன்னார்: "உங்கண்ணன் ஒரே வாயத்தான் ஊர் பூரா வித்திருக்காரு."

அவளும் சிரித்தாள். ஆனால் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு செட், ஒரே ஒரு செட், முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை தன் கை சொன்னபடி நின்று, யார் ஸ்கேலும் படாமல் ஒரு வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் கேட்டும் பார்த்தாள்.

"நீ நடறே, நான் பாக்கறேன். இத்தன வருஷம் அப்படித்தானே ஓடுது? இப்ப என்ன திடீர்னு?" என்றார் அண்ணன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி வேலை கிடைத்து நாலு வருஷமாகத் தனியாக இருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் பல்லுக்காரியும் புறப்பட்டாள். கிளம்புகிற அன்று அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். "அங்க போய் என் மானத்த வாங்காத. எத நட்டாலும் இத வச்சுப் பாரு."

போய்ச் சேர்ந்த ஊரில் அவளுக்கு வேலை கிடைத்த பல் பட்டறை தெருமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் உண்டு, ஆனால் அதில் தெரிவது நடைபாதையில் போகிறவர்களின் கால் மட்டும். நீள மேசை, எட்டு ஸ்டூல். மூலையில் பிளாஸ்டர் கரைக்கிற தொட்டி. தொட்டிப் பக்கம் விளக்கும் மங்கல், ஈரமும் அதிகம். வாயைப் பொத்திக்கொண்டு நாள் முழுக்க மாவு கரைப்பதுதான் அங்கே வேலை. முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பேச்சில் அவர் சொன்னதை நம் பேச்சில் வைத்தால் இப்படி வரும்: "மூணு மாசம் மேசைல உக்காந்து நடு. சரியா வந்தா அந்த ஸ்டூல் உனக்கு. வரலன்னா தொட்டி. தொட்டிலேருந்து மேசைக்கு வந்தவங்க யாரும் இங்க கிடையாது."

கடல் தாண்டி வந்தும் மறுபடி எடுபிடியா என்று அவள் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளியம்மா சொன்னதை எடுத்துச் சொன்னவர் பாலிஷ்காரர். அவரும் நம் பேச்சுக்காரர்தான். பதினோரு வருஷமாக அந்தக் கீழறையில் சக்கரத்தில் பல்லை உரசிக்கொண்டிருந்தார். காதில் எப்போதும் போன் செருகியிருக்கும். போனில் சொந்த ஊர் பேசும். அந்த ஊரில் மழை பெய்தால் இங்கே அவர் குடை தேடுவார். "இங்க எல்லாம் கிறுக்குப் பசங்க தங்கச்சி. எதையும் காதுல வாங்காத. நம்ம வேலைய நம்ம மாதிரி செஞ்சுட்டுப் போயிட்டே இருக்கணும்" என்று வந்த அன்றே உபதேசமும் செய்துவிட்டார்.

நம்ம மாதிரி செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே விளக்கு ஸ்விட்ச் மேலே தள்ளினால் எரியும். கதவைத் தள்ள வேண்டிய இடத்தில் இழுக்க வேண்டும். மேல் மாடி அம்மாள் ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் மிச்சம் வைப்பது மரியாதைக்கேடு என்று பல்லுக்காரி வழித்துச் சாப்பிட்டாள். காலித்தட்டைப் பார்த்ததும் அந்த அம்மாள் இன்னும் வேண்டும்போல என்று மறுபடி போட்டாள். இவள் மறுபடி வழித்தாள். அவள் மறுபடி போட்டாள். வீட்டுக்காரர் வந்து, "கொஞ்சம் மிச்சம் வைடி, இல்லன்னா உன்ன விடமாட்டா" என்று சொல்கிற வரைக்கும் இருவரும் மரியாதையிலேயே ஒருத்தியை ஒருத்தி கொன்றுகொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து பட்டறையில் நடந்தது. டாக்டர்களிடமிருந்து அளவு கொண்டுவருகிற ஆள் ஒரு நாள் பெட்டியோடு வாசலில் நின்றான். வா வா என்று உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்துக் கையை அசைத்தாள். அவன் முழித்தான். இவள் இன்னும் வேகமாக அசைத்தாள். அவன் முகம் சுருங்கிப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். அன்று ஒன்பது வாய் பட்டறைக்கு வரவில்லை. முதலாளியம்மா தாம்தூம் என்று குதித்தார். பாலிஷ்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினார்: "இங்க அப்படி ஆட்டினா போ போன்னு அர்த்தம். நாயத் துரத்தற மாதிரி துரத்தியிருக்க தங்கச்சி."

அன்று வீட்டுக்கு வந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்துநாலு வருஷமாக அந்தக் கை வா என்றுதான் சொல்லியிருந்தது. தான் மாறவில்லை, கையும் மாறவில்லை, ஆனால் அது சொன்னது மாறிவிட்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்வாள். அப்படிச் சொன்னாலும், அதற்குப் பிறகு எதையும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் அவள் வாய் ஒரு நொடி நின்றது.

பல் விஷயத்தில் மட்டும் நிற்கவில்லை. அங்கே ஸ்கேல் இருந்ததே.

இரண்டாம் மாதம் ஒரு தையல்காரியின் அளவு வந்தது. ஈறு கெட்டுப்போய் மேல்வரிசை முழுக்கப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்குவதற்கு முன்னால் எடுத்த அளவு ஒன்று, பிடுங்கிய பிறகு எடுத்தது ஒன்று, இரண்டையும் டாக்டர் அனுப்பியிருந்தார். முதல் அளவில் அச்செடுத்துப் பார்த்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. பக்கத்துப் பல் ஒன்று திரும்பி நின்றது. இடது முன்பல்லின் நுனியில் அரை அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் வேறு. பிளாஸ்டரில் காற்றுக்குமிழி விழுந்திருக்கும் என்று நினைத்து அந்தப் பள்ளத்தை மெழுகால் அடைத்தாள். பாவம், இத்தனை காலம் இந்தக் கோணல் வாயோடு காலம் தள்ளியிருக்கிறாளே, இனிமேலாவது நன்றாக இருக்கட்டும் என்று இல்லாத அக்கறையெல்லாம் காட்டி, பளிங்குபோல ஒரு வரிசை நட்டாள். ஸ்கேலை வைத்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

பத்தாம் நாள் செட் திரும்பி வந்தது. கூட ஒரு சீட்டு. பாலிஷ்காரர் படித்தார்.

"'இது என் வாய் இல்ல'ன்னு எழுதியிருக்கா."

"அவ வாயோட அளவுதானே?"

"கிறுக்கு தங்கச்சி. முத்து மாதிரி குடுத்தா வேணாங்கறா பாரு."

சைஸ் பெரிதாகிவிட்டதோ என்று அடுத்த செட்டைக் கொஞ்சம் சின்னப் பல்லாக எடுத்து நட்டாள். அதுவும் நேர்வரிசைதான். தையல்காரி அதைத் திருப்பி அனுப்பவில்லை. சாப்பிட வேண்டுமே என்று வைத்துக்கொண்டு, சீட்டை மட்டும் அனுப்பினாள். இந்தத் தடவை சீட்டில் இருந்தது ஒரே வரி: 'இதுவும் இல்லை.'

முதலாளியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பாலிஷ்காரர் நடுவில் நின்று எடுத்துச் சொன்னார். "ஒரு வாரம் தரேன். மூணாவதும் சரியா வரலன்னா தொட்டி" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் விலாசம் எழுதி நீட்டினார். "போய்ப் பாரு."

"யாரை?" என்றாள் பல்லுக்காரி.

"யாருக்குப் பல்லோ அவங்களை."

"ஆளையா?"

"பின்ன? பிளாஸ்டர் அச்சையா?"

பல் போடப்போகிற ஆளைப் பல் செய்கிறவள் போய்ப் பார்ப்பது என்பது அவள் கேள்விப்படாத சங்கதி. அண்ணன் பட்டறையில் அப்படிக் கேட்டிருந்தால் அவளுக்கு ஜுரமா என்று தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

தையல் கடை ஒரு சாவிக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே இடுக்கில் இருந்தது. ஒரு மெஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, போட்டுப் பார்க்க ஒரு திரை. தையல்காரிக்கு அறுபது வயதிருக்கும், ஒல்லி. கழுத்தில் அளவு டேப் பாம்பு மாதிரி தொங்கியது. விலாசத் தாளை நீட்டியதும் புரிந்துகொண்டாள். முகம் கொடுக்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

அந்த ஊர்ப் பேச்சு பல்லுக்காரிக்குக் கால்வாசிதான் புரியும். அதுதான் அன்று அவளுக்கு நல்லதாகப் போயிற்று. பேச்சு புரிந்திருந்தால் பேச்சைக் கேட்டிருப்பாள். புரியாததால் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி ஒரு தையல் முடிந்ததும் நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். இடது முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நூல் வழுக்கியது. மறுபடி கடித்தாள், மறுபடி வழுக்கியது. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வெட்டினாள். அடுத்த தையல். கை முதலில் வாய்க்குத்தான் போனது, பிறகு கத்தரிக்கோலுக்கு. அதற்கடுத்த தையலுக்கும் அப்படியே. நாற்பது வருஷப் பழக்கம், கைக்குச் சொன்னால் கேட்குமா? ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் போய், ஏமாந்து திரும்பியது.

காற்றுக்குமிழி என்று நினைத்து அவள் மெழுகால் அடைத்த அரை அரிசிப் பள்ளம் எது என்று அப்போது தெரிந்தது. நாற்பது வருஷமாக நூல் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். அந்த அம்மாளின் கத்தரிக்கோல் அதுதான்.

இன்னொன்றையும் பார்த்தாள். வந்தவர்கள் ஏதாவது வேடிக்கை சொன்னால் தையல்காரி சிரித்தாள். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். சுவரில் அவளுடைய பழைய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. இதே மெஷின், இதே டேப். அதில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள், சந்து, திரும்பின பல் எல்லாவற்றோடும். சாயங்காலம் கடையை மூடும் சமயத்தில் தையல்காரி அந்தப் போட்டோவின் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். அதற்கு மொழி எதற்கு?

மறுநாள் பல்லுக்காரி மேசையில் உட்கார்ந்ததும், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பல்லைக் கோணலாக நட்டாள். பக்கத்துப் பல்லைத் திருப்பி வைத்தாள். சந்து விட்டாள். பல்லின் வெள்ளையைக் கொஞ்சம் மங்கவைத்தாள். பழகின கை அடிக்கடி ஸ்கேலைத் தேடிப் போனது. தையல்காரியின் கை வாய்க்குப் போன மாதிரிதான். ஸ்கேலை எடுத்துத் துணியைச் சுற்றி மேசை ஓரத்தில் வைத்தாள்.

பள்ளத்தில்தான் சிக்கல். இராவிப் பள்ளம் பண்ணுவது பெரிய காரியமில்லை. ஆனால் பண்ணின பள்ளத்தில் நூலை வைத்து இழுத்துப் பார்த்தால், நூல் அறுபடுவதற்குப் பதில் பல் அறுபட்டது. இது மாவுப் பல், எலும்புப் பல் அல்ல. ஒரே வாரத்தில் பள்ளம் வாய்க்காலாகிவிடும். வேறு கெட்டியான பல் வாங்கிப் பார்த்தாள், அது சில்லாகத் தெறித்தது. மூன்று நாள் போயிற்று. பாலிஷ்காரர் சொன்னார்: "அந்தம்மாவுக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்கிக் குடுத்துடு தங்கச்சி. வேல முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்கறிப் பையோடு வீட்டுக்காரரும் அவளும் லிஃப்டில் ஏறினார்கள். நாலாம் மாடி. தலையைக் குனிந்து நின்றவள் கண்ணில் லிஃப்ட் வாசலில் பதித்த உலோகப் பட்டை பட்டது.

"இது எதுக்குங்க?"

"எது?"

"இந்தத் தகடு. வாசல்ல."

"தேயற எடத்துல தகடு போடுவோம். தினமும் எத்தன வண்டி ஏறி எறங்குது! இல்லன்னா ஆறு மாசத்துல வாசல் பல்லிளிச்சுடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஏன், உன் தையல்காரி வாய்க்கும் ஒரு தகடு போட்டு அனுப்பறதுதானே?"

நாலாம் மாடி வந்தது. அவர் இறங்கினார். அவள் இறங்கவில்லை. கதவு மூடி, லிஃப்ட் அவளோடு கீழே போனது. அவர் பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார். "அடியே, வேடிக்கைக்குச் சொன்னேன்டி!"

பட்டறையில் கம்பி இருந்தது. ஒன்றிரண்டு பல் மட்டும் கட்டுகிறவர்களுக்கு, பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளக் கொக்கி வளைக்கிற கம்பி. வாயில் இருக்கவென்றே செய்த கம்பி, துருப்பிடிக்காது. அதில் நகக்கண் அளவு வெட்டித் தட்டையாக்கினால் தகடு. தட்டுவதற்கு வழவழப்பான கெட்டித் தளம் வேண்டும். மேசையோ பிளாஸ்டர் பொருக்கு ஏறிக் கிடந்தது. கண்ணை ஓட்டினாள். துணி சுற்றின ஸ்கேல் இருந்தது. பிரித்து எடுத்துக் கம்பியை அதன் மேல் வைத்துச் சுத்தியால் தட்டினாள்.

"அண்ணன் ஸ்கேலாச்சே தங்கச்சி" என்றார் பாலிஷ்காரர்.

"அண்ணன் ஊர்ல இருக்காரு" என்றாள்.

நாலு கம்பி பாழாகி ஐந்தாவது சரியாக வந்தது. அந்தத் துணுக்கை முன்பல்லின் பின்பக்கத்திலிருந்து பதித்து, பள்ளத்தின் விளிம்பில் மயிரிழை அளவுக்குக் கூர் எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டாள். நூல் உள்ளே போனால் படும், நாக்குப் போனால் படாது. முன்னாலிருந்து பார்த்தால் பல் மட்டும்தான் தெரியும். வேகவைத்து, பாலிஷ் போட்டு, ஸ்கேல் வைக்காமல் முதலாளியம்மா கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தையல்காரி தானே நேரில் வந்தாள். முதலில் ஜன்னலில் கால் வந்தது. பழுப்பு நிறச் செருப்பு, அதில் ஒட்டியிருந்த நூல் துண்டு, அதை வைத்தே பல்லுக்காரி ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். தொட்டிப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

தையல்காரி செட்டை மாட்டினாள். நாக்கால் உள்ளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். சட்டைக் கையில் குத்திவைத்திருந்த ஊசியிலிருந்து நூலை உருவி இடது முன்பல்லில் வைத்தாள். டக்.

அறுந்த நூலின் நுனியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிசிறில்லை. இன்னொரு முறை. டக். பட்டறையில் எட்டு ஸ்டூலும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாலிஷ்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டார், காதிலிருந்த போனைக்கூட எடுத்துவிட்டார்.

"முன்ன இருந்ததவிட நல்லாவே அறுக்குதே! யாரு இவ?" என்று முதலாளியம்மாவைக் கேட்டுவிட்டுத் தையல்காரி சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

அந்த அம்மாள் போன பிறகு முதலாளியம்மா அலமாரியிலிருந்து அடுத்த தட்டை எடுத்துவந்து பல்லுக்காரி முன்னால் வைத்தார். "இந்த ஆள் புகையிலைக் குழாய் பிடிக்கறவரு. வலது ஓரம். போய்ப் பாத்துட்டு வா" என்றார். மூணு மாசம் முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

வெளிநாடு போனால் புத்தி திறந்துவிடும் என்று பின்னாளில் அவள் அண்ணன் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தார். கிடையாது. இருந்தாலே திறக்கும் என்றால் பாலிஷ்காரருக்கல்லவா முதலில் திறந்திருக்க வேண்டும்? பதினோரு வருஷம் இருந்தாரே. அவர் உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது, காது ஊரில் கிடந்தது. இவள் காலித்தட்டில் மாட்டிக்கொண்டாள், வா என்று கூப்பிட்டு ஆளைத் துரத்தினாள், கதவை இழுக்கிற இடத்தில் தள்ளி மூக்கில் இடித்துக்கொண்டாள். இடித்துக்கொண்ட மூக்குக்குத்தான் அது பலித்தது. வேறு காரணம் யார் சொன்னாலும் சரி, அது பொய்.

அங்கே மொத்தம் ஐந்து வருஷம் இருந்தாள். குழாய்க்காரருக்கு வலது ஓரத்தில் ஒரு பிடிப்பு வைத்தாள். பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒருத்திக்கு, காற்று சீறாமல் போக மேல்வரிசைக்குப் பின்னால் வரிவரியாக மேடு வைத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நடை போய், முக்காலியில் உட்கார்ந்து, வாயைப் பார்த்துவிட்டு வந்துதான் நட்டாள். வீட்டுக்காரருக்கு வேலைக் காலம் முடிந்தது. திரும்பினார்கள்.

அண்ணன் பட்டறையில் மூன்று அறையும் அப்படியே இருந்தன. அவள் ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. அண்ணன் கண்ணாடி மட்டும் இன்னும் தடித்திருந்தது. முதல் வாரம் வந்த தட்டு ஒரு பஸ் கண்டக்டருடையது. பல்லுக்காரி முன்கட்டுக்குப் போய், டாக்டரிடம் அந்த ஆளின் பஸ் நம்பரைக் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். இரண்டு நடை அந்த பஸ்ஸில் உட்கார்ந்து போனாள். கண்டக்டர் விசிலை உதட்டிலே வைத்து ஊத முடியாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டி "ரைட்! ரைட்!" என்று கத்திக்கொண்டு வந்தார். தொண்டை கட்டியிருந்தது.

திரும்பி வந்து நட்டாள். இடது பக்கம் கோரைப்பல்லையும் அதன் பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் ஏற்றி, விசில் உட்காருகிற மாதிரி ஒரு இடம் விட்டாள்.

அண்ணன் வந்தார். அவர் பையில் இப்போது இருந்தது பிளாஸ்டிக் ஸ்கேல். அவருக்கு அது பிடிக்காது. மேசையில் தன் பழைய ஸ்கேலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எடுத்துக்கொண்டார். மெழுகுச் செட்டின் மேல் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார்.

"என்ன இது? வெளிச்சம் இல்ல, வெயிலே வருது! அங்க போய் இதத்தான் படிச்சுட்டு வந்தியா?"

அவர் தன் கையால் நட்டு அலமாரியில் வைத்திருந்த செட் ஒன்றை எடுத்து, "இதப் பாரு. எப்படி இருக்கணும்னு பாரு" என்று ஸ்கேலை வைத்துத் தூக்கினார்.

அதிலும் வெளிச்சம் வந்தது.

திருப்பி வைத்தார். அப்போதும் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு பல்லை விட்டுவிட்டு ஸ்கேலைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பார்த்தார். நடுவில் சொட்டை விழுந்து, வில் மாதிரி லேசாக வளைந்திருந்தது.

"இத என்ன பண்ணின?"

"கம்பி தட்டினேன்."

"ஸ்கேல்லயா?"

"வேற எடம் இல்லண்ணே."

அண்ணன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் செட்டையும் அவள் செட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேற நல்ல ஸ்கேல் வாங்கணும்" என்றார்.

"வாங்கிக்கண்ணே. ஆனா இதப் பிடுங்க மாட்டேன்."

"பிடுங்கலன்னா?"

"வேகவைப்பேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "திரும்பி வந்தா உன் தலைல" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

நாலாம் நாள் கண்டக்டர் வந்தார். பல்லுக்காரி அவரை முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கே கூட்டிவந்தாள். நோயாளி உட்கார அங்கே நாற்காலி கிடையாது. அதுவரை யாரும் அங்கே வந்ததே இல்லையே. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்டர் மூட்டை ஒன்றை நகர்த்தி, அதன் கீழே கிடந்த பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்டக்டர் செட்டை மாட்டினார். காக்கிச் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இடது பக்கம் பல்லில் கவ்வினார். கையை எடுத்தார். விசில் அப்படியே நின்றது. ஐந்து மாதமாக ஊதாத மூச்சையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு ஊது ஊதினார்.

மூன்று அறையும் அதிர்ந்தன. முன்கட்டிலிருந்து டாக்டர் பதறிப்போய்க் கத்தினார்: "என்னய்யா அது? யாரு உள்ள?"

அண்ணன் கதவருகே போய்த் தலையை நீட்டினார். "ஒண்ணுமில்ல டாக்டர், பல்லுதான்" என்றார்.